நாற்காலி எத்தனை அங்குலம்?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களிடமிருந்தும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எலும்பு மூட்டு அறுவை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் இதற்கு மாறாக ஏதாவது எழுதியிருந்தால் சீட்டில் உள்ளபடியே செய்யுங்கள். உங்கள் மூட்டைத் திறந்து பார்த்தவர் எழுதியது அது.

அம்மாவுக்கு 64 வயது. வலது இடுப்பு மூட்டை முழுவதுமாக மாற்றி ஐந்து நாளாகிறது. "90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, காலை உள்பக்கம் திருப்பக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா நடக்கவே பயப்படுகிறார். 90 டிகிரியை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, திண்டுக்கல்

அம்மா நடக்கட்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நேராக நடக்கும்போது மூட்டு நழுவுவது அபூர்வம். தாழ்வான இருக்கையிலிருந்து எழும்போதும், கீழே கிடப்பதைக் குனிந்து எடுக்கும்போதும், பாதத்தை ஊன்றியபடி சட்டென்று உடம்பைத் திருப்பும்போதும்தான் நழுவுகிறது. பயத்தை நடையிலிருந்து எடுத்து நாற்காலியின்மேல் வையுங்கள்.

கோணத்தை அளக்க வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தாழ்வாக இருந்தால் 90 டிகிரிக்குள் இருக்கிறார். சமமாக இருந்தால் எல்லையில் இருக்கிறார். முழங்கால் மேலே நின்றால் தாண்டிவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும். சரியான உயரமுள்ள நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, முன்னால் குனிந்து செருப்பின் வாரை மாட்டினால் கணக்குக் கெட்டுவிடும். கால் உடம்பை நோக்கி வந்தாலும், உடம்பு காலை நோக்கிப் போனாலும் மூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு என்று தெரிந்தால் அம்மாவே பார்த்துக்கொள்வார். நம் தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்து சுமார் 45 முதல் 50 மி.மீ. விட்டம் உள்ளது. பொருத்தப்படும் செயற்கைப் பந்து பெரும்பாலும் 28, 32 அல்லது 36 மி.மீ. தான். இயற்கை மூட்டைச் சுற்றித் தடித்த சவ்வுப் பை ஒன்று இறுகப் பிடித்திருக்கும். பின்புறம் சிறு தசைகளும் பிடித்திருக்கும். பின்பக்கமாகத் திறந்து செய்யும் அறுவையில் அவற்றை வெட்டி உள்ளே போய், வேலை முடிந்ததும் திரும்பத் தைக்கிறார்கள். அந்தத் தையல் உறுதிப்பட ஆறு வாரமாவது வேண்டும். அதற்குள் காலை அளவுமீறி மடக்கினால், செயற்கை எலும்பின் கழுத்து (பந்துக்குக் கீழே உள்ள ஒடுங்கிய பகுதி), பந்து உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தின் முன்விளிம்பில் போய் இடிக்கும். இடித்த பிறகும் மடக்கினால், கடப்பாரை பாறையை நெம்புவதுபோல அந்த விளிம்பு பந்தைப் பின்பக்கமாக நெம்பித் தள்ளிவிடும். மடக்கியபடியே கால் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போனாலோ, முழங்கால் உள்பக்கம் திரும்பினாலோ இன்னும் சீக்கிரம் நெம்பும். மூன்று கட்டுப்பாடுகளும் ஒன்றாகச் சொல்லப்படுவது இதனால்தான்.

இப்போது இன்ச் டேப்பை எடுங்கள். அம்மா வீட்டில் போடும் செருப்போடு நிற்கட்டும். முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு இருக்கும் இடத்திலிருந்து தரை வரை அளங்கள். அதைவிட 2 அங்குலமாவது கூடுதலாக உட்காரும் பரப்பு இருக்க வேண்டும். மடிப்பு 16 அங்குலத்தில் இருந்தால் இருக்கை 18 அங்குலம். உயரமான ஆண்களுக்கு 20, 21 அங்குலம்கூட வேண்டியிருக்கும். ஆள் உட்கார்ந்த பிறகு இருக்கும் உயரம்தான் கணக்கு. பஞ்சு மெத்தையும் ஃபோம் குஷனும் அமுங்கிவிடும். உயரம் போதாவிட்டால் ஜமக்காளத்தை நாலாக மடித்து இருக்கை முழுவதும் பரப்பி, நழுவாமல் கட்டிவிடுங்கள். கை வைத்த, ஆடாத, சக்கரமில்லாத நாற்காலியாக இருக்கட்டும். சோபா, ஈஸிசேர், ஊஞ்சல் மூன்றும் மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

உட்காருவதற்கும் முறை உண்டு. இரண்டு காலின் பின்பக்கமும் நாற்காலியில் படும் வரை பின்னால் வர வேண்டும். ஆபரேஷன் ஆன காலை முன்னால் நீட்டிவிட்டு, கைகளால் நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றி, நல்ல காலில் பாரம் கொடுத்து மெல்ல இறங்க வேண்டும். எழும்போது முதலில் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர வேண்டும். ஆபரேஷன் கால் முன்னாலேயே இருக்க, கைப்பிடிகளை அழுத்தி எழுந்து, நிலையாக நின்ற பிறகுதான் வாக்கரைத் தொட வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தால் அது கவிழும், உடம்பும் முன்னால் குனியும்.

கட்டிலுக்கும் அதே உயரம்தான். மல்லாந்து படுப்பது நல்லது. ஒருக்களிக்க வேண்டுமானால் நல்ல கால் கீழே இருக்கும்படி படுத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை தாங்கும்படி இரண்டு காலுக்கும் நடுவே இரண்டு தலையணை வையுங்கள். முழங்காலுக்கு இடையில் மட்டும் சின்னத் தலையணை வைத்தால் போதாது; பாதம் கீழே தொங்கிவிடும். பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. படுக்கையில் கால் நீட்டி உட்கார்ந்தபடியே காலடியில் கிடக்கும் போர்வையை எட்டி இழுக்கக் கூடாது. போர்வையை வேறு யாராவது போர்த்திவிடட்டும்.

திரும்பும்போது வட்டமாகச் சிறு சிறு அடி வைத்துத் திரும்பச் சொல்லுங்கள். வலது பாதத்தை ஊன்றியபடி உடம்பை மட்டும் வலப்பக்கம் திருப்பினால், பாதம் அசையாவிட்டாலும் வலது இடுப்பு உள்பக்கம் திரும்பியதாகத்தான் அர்த்தம். அடுப்படியில் அம்மா அடிக்கடி எடுக்கும் டப்பாக்களை இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டுகளுக்கு மாற்றிவிடுங்கள். கோலம், தரையில் வைத்த குத்துவிளக்கு, அரிவாள்மனை, சிலிண்டர் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் வாடகை வீட்டில் இண்டியன் டாய்லெட் மட்டும்தான். அடுத்த வாரம் மாமனாருக்கு ஆபரேஷன். வீடு மாற வேண்டுமா?
– வாசகி, ஆவடி

மாற வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஏற்பாடு செய்தால் முதல் இரண்டு நாள் தடுமாற்றமாகிவிடும். இந்த மூன்று மாதத்தில் இண்டியன் டாய்லெட்டில் ஒருமுறைகூட உட்காரக் கூடாது. குத்துக்காலிட்டு உட்காரும்போது இடுப்பு 90 டிகிரியை வெகுவாகத் தாண்டிவிடும். அதிலிருந்து எழும் நொடி இன்னும் மோசம்.

மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகளில் இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் இருக்கை வைத்த கமோடு நாற்காலி கிடைக்கும். பல ஊர்களில் வாடகைக்கும் தருகிறார்கள். அடியில் உள்ள வாளியை எடுத்துவிட்டு அப்படியே இண்டியன் டாய்லெட்டுக்கு மேலே நிறுத்தலாம். பட்டனை அழுத்திக் காலின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையாகவும், இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ளதாகவும், நான்கு கால்களிலும் தேயாத ரப்பர் புஷ் உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். வாடகை நாற்காலிகளில் ரப்பர் தேய்ந்து இரும்பு வெளியே தெரியும். ஈரத் தரையில் அது வழுக்கும். புது ரப்பர் வாங்கிப் போட்டுவிடுங்கள்.

இதில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் டாய்லெட் மேடை. இண்டியன் டாய்லெட்டைப் பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு படி உயர்த்திய மேடையில் பதித்திருப்பார்கள். மேடை குறுகலாக இருந்தால் நாற்காலியின் பின்கால்கள் மேடையிலும் முன்கால்கள் கீழேயும் நிற்கும். கடைக்குப் போகுமுன் மேடையின் நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். நான்கு காலும் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் அங்கே வைக்காதீர்கள். மேடை ஏற வாக்கரும் ஒத்துவராது. அப்படிப்பட்ட வீட்டில் முதல் சில வாரங்களுக்கு நாற்காலியை வாளியோடு படுக்கையறையிலேயே வைத்துக்கொள்வதுதான் சரி. மாமனார் கூச்சப்படுவார், கதவுக்கு ஒரு திரை போட்டுக் கொடுங்கள். இரவில் சிறுநீருக்குப் பாட்டில் வைத்துவிட்டால் தூக்கக் கலக்கத்தில் நடக்க வேண்டியிருக்காது.

வெஸ்டர்ன் டாய்லெட் வைத்திருக்கும் வாசகர்களும் இதைப் படிக்க வேண்டும். சாதாரண பீங்கான் கமோடு 15, 16 அங்குல உயரம்தான் இருக்கும். நிறையப் பேருக்கு அது தாழ்வு. மேலே பொருத்தும் 4 அங்குல ரெய்ஸர் கிடைக்கிறது. பக்கவாட்டில் திருகி இறுக்கும் கிளாம்ப் உள்ளதையே வாங்குங்கள். வெறுமனே உட்கார்த்தி வைக்கும் வகை, ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்போது நகரும்.

கழுவும்போது முன்னால் குனிய வேண்டாம். கால்களை அகட்டி, முதுகைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஹெல்த் ஃபாசெட்டைப் பயன்படுத்தட்டும். அது இல்லாவிட்டால் பக்கெட்டை ஒரு முக்காலியின்மேல் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். குளிக்கவும் அதே நாற்காலி, அதே முக்காலிதான். தரையில் உள்ள பக்கெட்டிலிருந்து மக்கால் மொள்ளுவதே ஒவ்வொரு முறையும் 90 டிகிரியைத் தாண்டும் செயல். காலுக்குச் சோப்புப் போடுவதையும், பாதத்தைத் துவட்டுவதையும், நகம் வெட்டுவதையும் மற்றவர்கள் செய்ய வேண்டும். உடுத்தும்போது ஆபரேஷன் காலை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். வேட்டியும் லுங்கியும் பேன்ட்டைவிட வசதி. ஆனால் நுனி தரையில் புரளாமல் உயர்த்திக் கட்டட்டும்.

மலச்சிக்கலை விட்டுவைக்காதீர்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். முக்கும்போது யாரும் தன்னையறியாமல் முன்னால் குனிவார்கள். தண்ணீர், கீரை, வாழைப்பழம், கொய்யா இவற்றோடு, மூன்று நாள் மலம் போகவில்லையென்றால் டாக்டரிடம் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள்.

என் வாப்பாவுக்கு மூட்டு மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. சுஜூது செய்து (நெற்றியைத் தரையில் வைத்து) தொழ வேண்டும் என்று தவிக்கிறார். உம்மாவுக்கும் அடுத்து இதே ஆபரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எப்போதும் தரையில் உட்கார்ந்தே பழகியவர். இனி தரையே கூடாதா?
– வாசகர், நாகூர்

இப்போதைக்கு வாப்பா நாற்காலியில் அமர்ந்து தொழட்டும். உடல் முடியாதவருக்கு அதற்கு அனுமதி உண்டு என்பது அவருக்கும் தெரியும். முதல் பதிலில் சொன்ன உயரமுள்ள நாற்காலியாக இருக்க வேண்டும். ருகூவுக்கும் (குனிந்து வணங்குவதற்கும்) சுஜூதுக்கும் தலையையும் தோளையும் மட்டும் லேசாகச் சாய்த்தால் போதும். நெற்றியை முழங்கால் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

‘தரையில் உட்காருவது’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் மூட்டுக்கு அவை வெவ்வேறு. சம்மணம் போடும்போது முழங்கால் வெளிப்பக்கம் விரிகிறது. பின்பக்க அறுவை செய்தவருக்கு அது உள்பக்கத் திருப்பம் அளவுக்கு ஆபத்தானதல்ல. சம்மணத்தில் இருப்பதைவிடத் தரையிலிருந்து எழுவதில்தான் ஆபத்து அதிகம். குத்துக்காலிடுவதும் தாழ்ந்த மணைப்பலகையில் உட்காருவதும் முழுக்க மடக்குபவை. பெண்கள் பலர் இரண்டு காலையும் ஒரே பக்கமாக மடக்கி உட்காருவார்கள். பார்க்கச் சாதுவாக இருக்கும் இந்த உட்காரல்தான் எல்லாவற்றிலும் கெட்டது. கால்கள் இடப்பக்கம் மடங்கியிருந்தால் இடது இடுப்பு மடங்கியும் இருக்கிறது, உள்பக்கம் திரும்பியும் இருக்கிறது. உம்மா இந்தப் பழக்கத்தை ஆபரேஷனுக்கு முன்பே விடத் தொடங்கட்டும். பின்னர் மறதியில் கால் தானாக மடங்கிவிடும்.

மூன்று மாதம் முடிந்து எக்ஸ்ரே பார்த்த பிறகு, கிண்ணத்தின் சாய்வு, பந்தின் அளவு, தசை பலம் இவற்றை வைத்து அறுவை மருத்துவர் சிலருக்குத் தரையில் இறங்க அனுமதி தருவார். பலருக்கு, வேண்டாம் என்றே சொல்வார். அனுமதி கிடைத்தால் இறங்கும் முறை இது: உறுதியான நாற்காலி ஒன்றை முன்னால் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நல்ல காலை முன்னால் ஊன்றி, ஆபரேஷன் ஆன பக்கத்து முழங்காலை முதலில் தரையில் வைக்க வேண்டும். அப்போது மடங்குவது நல்ல இடுப்பு; மாற்றிய இடுப்பு ஏறக்குறைய நேராகவே இருக்கும். எழும்போதும் நல்ல பாதத்தைத்தான் முன்னால் ஊன்ற வேண்டும். முதல் சில முறை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது செய்து பாருங்கள்.

எனக்கு 36 வயது. பந்து எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோனதால் முன்பக்கமாகத் திறந்து மூட்டை மாற்றினார்கள். "பெரிய கட்டுப்பாடு எதுவும் இல்லை" என்றார் டாக்டர். பக்கத்துப் படுக்கைக்காரருக்கோ பத்துக் கட்டுப்பாடு. யார் சொல்வது சரி? பைக் எப்போது ஓட்டலாம்? தாம்பத்தியம்?
– பெயர் வேண்டாம், கோவை

இருவரும் சரி. முன்பக்க அறுவையில் தசைகளை வெட்டாமல், அவற்றின் இடைவெளி வழியாக உள்ளே போகிறார்கள். மூட்டின் பின்பக்கச் சவ்வும் தசைகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அதனால் மடக்குவது உங்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. உங்களுக்கு ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: கால் உடம்புக்குப் பின்னால் போய், அதே சமயம் பாதம் வெளிப்பக்கம் திரும்புவது. ஆபரேஷன் பாதத்தை ஊன்றியபடி உடம்பை மறுபக்கம் திருப்பிப் பின்னால் இருப்பதை எடுப்பதும், நல்ல காலால் நீள எட்டு வைப்பதும், குப்புறப் படுப்பதும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வேறு வழியாகத் திறந்திருப்பார்கள். பின்பக்க அறுவையிலும்கூட, பெரிய பந்து வைத்து சவ்வை நன்றாகத் தைத்தவர்களுக்குக் கட்டுப்பாடுகளை இப்போது பல மருத்துவர்கள் தளர்த்துகிறார்கள். அந்தத் தளர்வு உங்களுக்கு உண்டா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும். முகநூலில் படித்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது. தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து மூட்டு மாற்றியவர்கள், இரண்டாம் முறை மூட்டு மாற்றியவர்கள், பார்கின்சன் நோய் உள்ளவர்கள், முதுகெலும்பில் திருகு வைத்து இறுக்கியவர்கள் ஆகியோருக்கு நழுவும் வாய்ப்பு அதிகம். உட்காரும்போது நம் இடுப்புக்கூடு பின்னால் சாய்ந்து கிண்ணத்துக்கு இடம் கொடுக்கும். முதுகை இறுக்கியவருக்கு அது சாயாது.

பைக்கை மூன்று மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதைவிட, சிக்னலில் வண்டி சாயும்போது ஒற்றைக் காலில் திடீரென்று தாங்குவதுதான் பிரச்சினை. கார் ஓட்டுவது ஆறு வாரத்துக்குப் பிறகு, வலி மாத்திரை நின்று, பிரேக்கை யோசிக்காமல் அழுத்த முடிகிறபோது. பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போகும் பெண்களுக்கும் மூன்று மாதம்தான். ஆட்டோவில் குனிந்து நுழைய வேண்டியிருப்பதால் ஆறு வாரத்துக்கு வேண்டாம். காரில் முன்சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்து, சீட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, முதலில் உட்கார்ந்து வழுக்கிப் பின்னால் போய், பிறகு இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே கொண்டுவாருங்கள். தூரப் பயணத்தில் மணிக்கொரு முறை இறங்கி நடக்க வேண்டும்.

தாம்பத்திய உறவை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கலாம். தயங்கிக்கொண்டே பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். மாற்றிய மூட்டு உள்ளவர் மல்லாந்து படுத்திருக்க, மற்றவர் இயங்குவது பாதுகாப்பு. மூட்டு மாற்றியவர் பெண்ணென்றால் கால்கள் விலகியிருக்கலாம். முழங்காலை மார்பு நோக்கி மடக்கக் கூடாது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறோம். இந்த ரத்த ஓட்டக் கோளாறு பலருக்கு இரண்டு இடுப்பிலும் வரும். மறுபக்கத் தொடை இடுக்கில் வலி தொடங்கினால் தள்ளிப்போடாமல் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள். மது, மருத்துவர் சொல்லாமல் எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை இரண்டும் இதற்கு முக்கியக் காரணங்கள். இருந்தால் இன்றே டாக்டரிடம் பேசி நிறுத்துங்கள்.

இடது இடுப்பில் ஆபரேஷன். கைத்தடியை இடது கையில் பிடித்தால்தானே தாங்கும்? பிசியோதெரபிஸ்ட் வலது கையில் பிடிக்கச் சொல்கிறார். அதை எப்போது விடலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

வலது கைதான். நடக்கும்போது இடது காலில் நிற்கும் ஒவ்வொரு நொடியும், இடுப்பின் இடது பக்கத் தசை இழுத்துப் பிடிக்காவிட்டால் உடம்பு வலப்பக்கம் சரிந்துவிடும். அந்த இழுப்பும் சேர்ந்து மூட்டின்மேல் விழுவதால், 60 கிலோ எடையுள்ளவரின் இடுப்பில் அந்த நொடி சுமார் 150 கிலோ பாரம் இறங்குகிறது. வலது கையால் தடியை லேசாக அழுத்தினாலே உடம்பு சரியாது, இடது தசைக்கு வேலை நன்றாகக் குறையும். அதே பக்கத்தில் பிடித்தால் உடம்பை இடப்பக்கம் சாய்த்து நடக்கப் பழகிவிடுவீர்கள். அந்தச் சாய்வு பிறகு போகாது. தடியும் இடது காலும் ஒன்றாக முன்னால் போக வேண்டும்.

தடியின் உயரத்தையும் பாருங்கள். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு இருக்கும் உயரத்தில் கைப்பிடி வர வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு ஆபரேஷன் காலும் தடியும். இறங்கும்போது தடியும் ஆபரேஷன் காலும் முதலில், பிறகு நல்ல கால்.

வாக்கர் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம், பிறகு தடி. நாள் கணக்கை வைத்துத் தடியை விடாதீர்கள். வீட்டில் ஒருவரை முன்னால் நிறுத்தி, தடி இல்லாமல் இருபது அடி நடந்து காட்டுங்கள். தோள் பக்கவாட்டில் ஆடினால் இன்னும் தடி வேண்டும். அந்தப் பக்கத் தசையைப் பலப்படுத்த, சமையல் மேடையைப் பிடித்து நிமிர்ந்து நின்று, ஆபரேஷன் காலைப் பக்கவாட்டில் ஒரு சாண் அளவு தூக்கி மூன்று எண்ணி இறக்குங்கள். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. பக்கவாட்டில் திறந்து அறுவை செய்திருந்தால் மட்டும் இதை ஆறு வாரத்துக்குப் பிறகே தொடங்க வேண்டும். அந்தத் தசையைத்தான் வெட்டித் தைத்திருப்பார்கள். படுக்கையில் பாதத்தை மேலும் கீழும் அசைப்பதையும், தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவதையும் முதல் நாளிலிருந்தே எல்லோரும் செய்யலாம்.

மூன்றாவது வாரம். தொடையிலிருந்து பாதம் வரை வீக்கம். சுடுஎண்ணெய் போட்டு நீவிவிடலாம் என்கிறார் அத்தை. ரத்தம் உறையாமலிருக்க 35 நாள் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். வலி குறைந்துவிட்டதால் நிறுத்திவிடலாமா?
– வாசகி, விருதுநகர்

நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரைக்கும் வலிக்கும் சம்பந்தமில்லை. தொடை, கெண்டைக்கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் கட்டாமலிருக்கத்தான் அது. ரிவரோக்சபான் 10 மில்லிகிராம் தினம் ஒரு வேளை, அல்லது அபிக்சபான் 2.5 மில்லிகிராம் இரண்டு வேளை என்று எழுதுவார்கள். சிலருக்கு எனாக்சபரின் ஊசி, சிலருக்கு ஆஸ்பிரின். வீட்டுக்கு வந்து வாரக் கணக்கில் ஆன பிறகும் ரத்தம் கட்டலாம் என்பதால்தான் 35 நாள். இதைச் சாப்பிடும்போது டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கிச் சேர்க்கக் கூடாது; வயிற்றில் ரத்தம் கசியும். மலம் தார்போல் கறுத்தால் உடனே சொல்லுங்கள்.

எண்ணெய் நீவல் வேண்டவே வேண்டாம். குழாயில் ரத்தக் கட்டி இருந்தால் அழுத்தி நீவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். காயத்தின் வழியாகக் கிருமியும் போகும். அத்தையின் அக்கறைக்கு வேறு வேலை கொடுங்கள்: ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி, ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, 15 நிமிடம் ஒற்றடம். மல்லாந்து படுத்து, கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் தலையணை வைத்து உயர்த்தி, மணிக்கு இருபது முறை பாதத்தை அசையுங்கள்.

மாலையில் கூடி, காலையில் வடியும் வீக்கம் சாதாரணமானது. மூன்று மாதம்கூட இருக்கும். இரவு முழுதும் உயர்த்தி வைத்தும் வடியாமல், கெண்டைக்கால் இறுகி, தொட்டால் சூடாகவும் வலியாகவும் இருந்தால் அன்றே டாப்ளர் ஸ்கேன் (ரத்தக் குழாயில் ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐ அழையுங்கள்.

ஆபரேஷன் ஆன கால் நீளமாகிவிட்டதுபோல் இருக்கிறது. செருப்பில் தக்கை வைக்கலாமா?
– வாசகர், ஈரோடு

மூன்று மாதம் பொறுங்கள். பல ஆண்டு வலியில் சாய்ந்தே நடந்ததால் இறுகிப்போன தசைகள் இடுப்பை ஒரு பக்கம் இழுத்து வைத்திருக்கும். கால் நீளமாகத் தோன்றுவது பெரும்பாலும் அதனால்தான். இப்போதே தக்கை வைத்தால் அந்தச் சாய்வு நிலைத்துவிடும். மூன்று மாதத்துக்குப் பிறகு எக்ஸ்ரேயில் அளந்து, உண்மையாகவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுகால் செருப்பில் தக்கை வைக்கலாம்.

மூட்டு நழுவிவிட்டது என்று எப்படித் தெரியும்? உடனே என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, புதுச்சேரி

சந்தேகப்பட வேண்டியிருக்காது. ‘கடக்’ என்று ஒன்று நகர்ந்ததுபோல் இருக்கும், தாங்க முடியாத வலி வரும், அந்தக் காலை ஊன்ற முடியாது. கால் குட்டையாகத் தெரியும். பின்பக்கம் நழுவியிருந்தால் முழங்காலும் பாதமும் உள்பக்கம் திரும்பியிருக்கும். முன்பக்கம் நழுவியிருந்தால் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடக்கும்.

விழுந்த இடத்திலேயே, கால் எப்படி இருக்கிறதோ அப்படியே தலையணைகளால் அண்டைகொடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். யாரும் இழுக்கவோ திருப்பவோ கூடாது. தண்ணீர், காபி, சோடா எதுவும் கொடுக்காதீர்கள். மூட்டை உள்ளே தள்ள மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வயிற்றில் ஏதாவது இருந்தால் அது தாமதமாகும். தாமதமானால் தசை இறுகி, தொடையின் பின்னால் ஓடும் பெரிய நரம்பும் நசுங்கும். பாதத்தைத் தூக்க முடிகிறதா என்று கேட்டு, அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் அதில் ஒட்டப்பட்ட இம்பிளான்ட் (பொருத்திய செயற்கை மூட்டு) ஸ்டிக்கரையும் எடுத்துப் போங்கள். உள்ளே இருக்கும் பந்தின் அளவும் வகையும் அதில்தான் இருக்கும்.

முதல் முறையாக மூட்டு மாற்றியவர்களில் நூற்றில் ஓரிருவருக்கு, அதிகம் போனால் மூவருக்கு, இப்படி நேர்கிறது. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள்.

சர்க்கரை நோய் உண்டு. ஆபரேஷன் முடிந்து 18 நாள். தையல் பிரித்த இடத்தில் ஒரு புள்ளியில் நீர் கசிகிறது. கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடலாமா? பல் பிடுங்கவும் நாள் குறித்திருக்கிறேன்.
– வாசகர், திருவண்ணாமலை

இன்றே அறுவை செய்த மருத்துவரிடம் போங்கள். பதினெட்டாம் நாளில் கசிவு இருக்கக் கூடாது. கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கினால் மேலே கசிவு நின்றுவிடும், உள்ளே உலோகத்தின்மேல் படிந்த கிருமி சாகாது. பிறகு நீரை எடுத்துப் பரிசோதித்தாலும் எந்தக் கிருமி என்று தெரியாமல் போகும். ஆரம்பத்திலேயே திறந்து கழுவினால் மூட்டைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. மாதங்கள் போனால் கழற்றி மாற்ற வேண்டி வரும். சர்க்கரை அளவைத் தினமும் குறித்துக்கொண்டு போங்கள்.

அவசரமில்லாத பல் வேலையை மூன்று மாதம் தள்ளுங்கள். ஈறு சீழ்பிடித்திருந்தால் மட்டும் தள்ளக் கூடாது. இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பித்தவெடிப்பில் புண், சிறுநீரில் எரிச்சல் இவற்றையும் விட்டுவைக்காதீர்கள். அங்கிருந்து ரத்தம் வழியாகக் கிருமி மூட்டுக்குப் போகும்.

மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் போக வேண்டும். ஏர்போர்ட்டில் மெட்டல் டிடெக்டர் கத்துமா?
– வாசகி, காரைக்குடி

கத்தலாம். முன்னாலேயே சொல்லி, இடுப்பைத் தொட்டுக் காட்டுங்கள். கையில் பிடிக்கும் கருவியால் பார்த்து விட்டுவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் பையில் இருக்கட்டும். பயணத்தை ஆறு வாரத்துக்கு முன் வைக்காதீர்கள், முடிந்தால் மூன்று மாதம் கழித்துப் போங்கள். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். ஏற்றி இறக்க வீல்சேர் கேட்டால், அதன் இருக்கை தாழ்வாக இருக்கும்; வீட்டிலிருந்தே ஒரு கெட்டியான மடிப்புத் துணியைக் கொண்டுபோய் மேலே போட்டு உட்காருங்கள்.